வாசல் சுவரில் ஓர் அம்பு

என் வீட்டு வாசலில், கதவுக்கு வலப்பக்கச் சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். ஒட்டியபோது நல்ல சிவப்பாக இருந்திருக்கும். வெயில் பட்டுப் பட்டு இப்போது வெளுத்துவிட்டது. பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தைத்து வந்த துணியை மேசையில் விரித்துப் பார்க்கும் செக்கிங் பெண்கள், எங்கே ஓட்டையோ, எங்கே தையல் விட்டிருக்கிறதோ, அந்த இடத்தில் இப்படி ஓர் அம்பை ஒட்டி அனுப்புவார்கள். சரிசெய்கிறவர் வேலையை முடித்ததும் அம்பைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். என் மனைவி பதினேழு வருடம் அந்த மேசையில் நின்றவள். இந்த அம்பை ஒட்டியதும் அவள்தான். எதற்காக ஒட்டினாய் என்று அவளிடம் கேட்க முடியாமல் போன பிறகுதான் இது என் கண்ணில் பட்டது.

நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள். ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில், எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குளியலறை என்று இருந்தோம். மகளுக்கு ஒன்பது வயதானபோது ஊத்துக்குளி ரோட்டில் இரண்டரை சென்ட் இடம் வாங்கி, பத்திரத்தை வங்கியில் வைத்து, கடன் எடுத்து வீடு கட்டினோம். இருபது வருடக் கடன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அவள் விரல் விட்டு எண்ணினாள். “இருவது வருசம்னா இவளுக்கு இருவத்தொம்பது ஆயிரும். நமக்குக் கடிக்கப் பல்லு இருக்குமா?” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும், பஸ் ஏறுவதற்குள் முடிவு எடுத்துவிட்டாள். கடனைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். முடிந்த மறுநாளே நான் பகல் ஷிப்டுக்கு மாற வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காக நாங்கள் செய்த காரியம், இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாமல் போனதுதான். துணி பின்னும் நிட்டிங் மெஷினில் நான் ஆபரேட்டர். இரவு ஷிப்டுக்குப் படி கூட என்பதால் நிரந்தரமாக அதையே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளுக்குக் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டு வரை ஒன்றரை ஷிப்ட். பள்ளி விட்டு வரும் மகளுக்கு நான் சாப்பாடு போடுவேன். நான் கிளம்பி மனைவி வந்து சேர்வதற்குள் இருக்கும் முக்கால் மணி நேரம் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். காலையில் நான் வண்டியில் வீடு திரும்பும்போது அவளுடைய கம்பெனி வேன் எதிரே வரும். மூன்றாவது ஜன்னலில் இருப்பாள். கையைத் தூக்குவாள், நானும் தூக்குவேன். மழைநாளில் கண்ணாடி ஏற்றியிருந்தால் ஒரு கை அசைவது மட்டும் மங்கலாகத் தெரியும். அது அவள் கைதானா என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் துவைப்பாள், நான் தூங்குவேன். பதினோரு வருடத்தில் என் மனைவியின் முகத்தை நான் அதிகம் பார்த்தது அந்த வேன் ஜன்னலில்தான்.

அம்பு வீட்டுக்குள் வந்தது இந்த நாட்களில்தான். செக்கிங் பெண்களின் சேலையிலும் முழங்கையிலும் பிடுங்கிப் போட்ட ஸ்டிக்கர்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்து முகம் கழுவப் போனேன். குழாயின் கழுத்தில் ஓர் அம்பு. என்னடா என்று உற்றுப் பார்த்தால், அங்கே நூல் மாதிரி நீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு டேப்பைச் சுற்றி அடைத்துவிட்டு, அம்பை எடுத்துச் சமையலறைக் கதவின் பின்பக்கம் ஒட்டி வைத்தேன், வேலை முடிந்தது என்று அவளுக்குத் தெரியட்டுமே என்று. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மகளின் பள்ளிப் பையில் பிரிந்த வாரில் ஓர் அம்பு, தீரப்போகும் கேஸ் சிலிண்டரில் ஓர் அம்பு, கணக்கில் குறைந்த மதிப்பெண்ணுக்கு நேரே ஓர் அம்பு. “வாயால சொன்னா என்ன?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். “நீங்க ஒறங்குதீய. எழுப்பிச் சொல்ல மனசு வரல. ஆனா ஒண்ணு, வேலய முடிக்காம ஸ்டிக்கரப் பிடுங்கக் கூடாது. கம்பெனிக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம்லாம் கெடயாது” என்றாள்.

ஒருமுறை தூங்கி எழுந்து அப்படியே டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு டீ ஆற்றினார். கிளாஸை நீட்டும்போது, “ஏனுங்ணா, எந்தக் கம்பெனியில ரிஜெக்ட் பண்ணுனாங்க உங்கள?” என்றார். கடையே சிரித்தது. தடவிப் பார்த்தால் தாடையில் ஓர் அம்பு. பத்து நாள் தாடி. அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போய்விட்டு, அந்த அம்பையும் கதவில் கொண்டுபோய் ஒட்டினேன். அன்று ராத்திரி நான் வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் போன் செய்து, ஒன்றும் பேசாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்களுக்குள் அப்போது நீளமான பேச்சு என்றால் இதுதான்.

தீபாவளி போனஸ் இரண்டு பேருடையதும் கடனுக்குத்தான் போகும். புதுத்துணி மகளுக்கு மட்டும். முதல்முறை அப்படிக் கூடுதலாகக் கட்டப் போனபோது வங்கி அதிகாரி, “சந்தோசமுங்கம்மா. மாசத் தவணையக் கொறைச்சுக்கறீங்களா, இல்ல வருசத்தக் கொறைச்சுக்கறீங்களா?” என்று கேட்டார். மாதத் தவணை குறைந்தால் ஒரு புது வண்டி வாங்கலாமே என்று எனக்கு நப்பாசை. வாயைத் திறப்பதற்குள் அவள், “வருசத்தைக் குறைங்க சார். மாசம் எப்படியாவது ஓடிரும்” என்று சொல்லிவிட்டாள். பழைய வண்டியே ஓடியது. மகளுக்கு மஞ்சள்காமாலை வந்த வருடமும், என் தங்கை கல்யாணம் வந்த வருடமும் போனஸ் வேறு வழியில் போய்விட்டது. அப்போதெல்லாம் அவள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இருபது வருடக் கடன் பதினோரு வருடத்தில் முடிந்தது. பத்திரத்தை வாங்க இரண்டு பேரும் அரைநாள் விடுப்புப் போட்டோம். அதிகாரி கவரை நீட்டியதும் நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள். தாள்களை மேசையில் பரப்பினாள். துணியைத் தடவுவதுபோல ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “என்னங்கம்மா, ஓட்டை கீட்டை இருக்குதுங்களா?” என்று அதிகாரி சிரித்தார். “ஓட்டை இல்ல சார், வீட்டு வரைபடத்தைக் காணும்” என்றாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். பட்டப்பகலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று எதையாவது குடித்து எத்தனை காலம் ஆயிற்று! “இனிப்பு கம்மி” என்றேன். “ஆமா” என்றாள்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமானது. நான் பகல் ஷிப்டுக்கு மாறவில்லை. மகள் கல்லூரி முடிக்கப் போகிறாள், அடுத்து கல்யாணம் வரும், கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். “இன்னும் ஒரே ஒரு வருசம்.” அவள் “சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனாள். சண்டை போட்டிருக்கலாம். அவளுக்குச் சண்டை போடவும் நேரமில்லை, விடிந்தால் வேன் வந்துவிடும். கடன் இருந்தவரை ஓடினோம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதன் பிறகு நான் ஓடியது, நிற்கத் தெரியாமல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஒரு வருடத்தில் ஒன்பது மாதம் போயிருந்தது. பகலில் நான் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்குவது வழக்கம். கதவு உடைகிற மாதிரித் தட்டும் சத்தத்தில் எழுந்தேன். கம்பெனி வேன் டிரைவர் நின்றிருந்தார். செக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள், நெஞ்சுவலி. எத்தனையோ முறை எனக்கு அழைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதே வேனில், அந்த மூன்றாவது ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்து போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் முழங்கையில் ஓர் அம்பு ஒட்டியிருந்தது. நர்ஸ் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்து, மகளும் வேலைக்கென்று ஓசூருக்குப் போன பிறகு ஒருநாள் காலையில் வாசலில் சும்மா நின்றிருந்தேன். அப்போதுதான் சுவரில் இந்த அம்பைக் கண்டேன். விரிசலாக இருக்குமோ என்று தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் காரைக்கரண்டியின் பிடியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். “செவுரு இரும்பாட்டம் இருக்குதுங்க. இதுல என்னத்தைப் பாக்கறது?” என்றார். நீர்க்கசிவாக இருக்கும் என்று மழைக்காலம் வரை காத்திருந்தேன். சுவர் காய்ந்துதான் கிடந்தது. அவள் சும்மா ஒட்டுகிறவள் இல்லை. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று தினமும் அதன் முன் போய் நிற்பேன்.

பொங்கலுக்கு வந்த மகளிடம் கேட்டேன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த ஊர் என்பதால் அவள் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. “அது ஓட்டையில்லீங்கப்பா, அம்மா பெஞ்சு கேட்ட எடம்” என்றாள், எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல. “ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி ஒரு பெஞ்சு போட்டு, சாயந்திரம் நீங்களும் அவங்களும் டீ குடிக்கோணும்னு சொல்லிட்டே இருப்பாங்க. பத்திரம் வந்த அன்னிக்கே ஒட்டிட்டாங்க. ஏனுங்கப்பா, பக்கத்து ஊட்டு அக்காகிட்டக்கூடச் சொல்லியிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?” எனக்குத் தெரியாது. ஒன்பது மாதம், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, அந்த அம்பைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். குழாயைப் பார்த்தேன், பை வாரைப் பார்த்தேன், சிலிண்டரைப் பார்த்தேன். நான் பக்கத்தில் வேண்டும் என்று கேட்டு ஒட்டிய ஒன்றைப் பார்க்கவில்லை.

இப்போது நான் பகல் ஷிப்ட்தான் போகிறேன். வேப்பமரத்தில் ஒரு பெஞ்சு செய்து வாங்கிச் சுவரோரம் போட்டிருக்கிறேன். தச்சர் பெஞ்சுக் கால்களை மட்டம் பார்த்து வைத்துவிட்டு, “ரெண்டாளு தாராளமா உக்காரலாமுங்க” என்றார். கூலியை எண்ணிக் கொடுத்தேன். சாயந்திரம் டீ போட்டு எடுத்துவந்து இடது ஓரத்தில் உட்காருவேன். ரோட்டில் கம்பெனி வேன்கள் திரும்பிப் போகும். அம்பு எனக்கு வலப்பக்கம், அவள் உட்கார்ந்திருந்தால் தோள் வந்து சாயும் இடத்தில், இருக்கிறது. “பெஞ்சுதான் போட்டாச்சே, இனி அதைப் பிடுங்கிரலாமுங்கப்பா” என்று மகள் போனில் சொன்னாள். சரி என்று ஒருநாள் நகத்தை வைத்து ஓரத்தைத் தூக்கவும் செய்தேன். பிறகு கட்டைவிரலால் அழுத்தி மறுபடியும் ஒட்டவைத்துவிட்டேன். வேலை முடியாமல் ஸ்டிக்கரைப் பிடுங்கக் கூடாது.