சம்மனுக்கு வந்த அடியாள்

“உங்கப்பன் கையை உடைச்சவனே கோர்ட்டுல வந்து சொல்லுவானா? படிச்ச திமிருடி உனக்கு!” என்றார் சித்தப்பா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பாகூரில் அப்பா குத்தகை நிலத்தைத் தானாகவே விட்டுப்போனதாக நிலக்காரர் சாதித்த சிவில் வழக்கில், எங்கள் வக்கீலிடம் சொல்லி அவருடைய அடியாளுக்கே சம்மன் அனுப்ப வைத்தேன்.

அப்பாவின் கையை உடைத்தது யார் என்று வக்கீல் கேட்டதும், கிழிந்த காதுடன் கூண்டில் நின்றவர் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். “சொன்னா என்னைத்தான் உள்ள போடுவாங்க, அய்யா.”

“பதில் சொல்லியே ஆகவேண்டும். என் உத்தரவால் சொல்வதை வைத்து உன்மேல் கேஸ் போட முடியாது,” என்றார் நீதிபதி.

முறுக்கிய கை நின்றது. “மண்வெட்டிக் காம்பால அடிச்சேன். எலும்பு ஒடியற சத்தம் கேட்டும் அடிச்சேன். நெலத்த வுட்டு ஓடுற வரைக்கும் அடிக்கச் சொன்னவரு அதோ குந்தினு இருக்காரு.”

வெளியே வந்ததும் அந்த அடியாள் என்னிடம், “அப்பாவுக்குக் கை கூடிச்சாம்மா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு யாரும் உத்தரவிடவில்லையே. எதற்காகக் கேட்டார் என்றுதான் இன்றும் புரியவில்லை.

சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்.