துவைக்கிற கல்

நிக்கோபாரின் கட்சால் தீவில் கப்பலிலிருந்து சாமான் இறங்கி முடிய இரண்டு மணி நேரமாகும் என்கிறார்கள். நிலவியல் இரண்டாமாண்டு மாணவன் நான். சுத்தியலோடு தனியே நடக்கிறேன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ரப்பர் வேலைக்காக இங்கே குடியேறிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வீட்டின் பின்னால் ஒரு பெண் துணி துவைக்கிறார். அந்தக் கல்லைப் பார்த்ததும் நின்றுவிடுகிறேன்.

இடுப்பளவு உயரமுள்ள பவளப்பாறை. கடலடியில் ஒட்டி வளரும்போது அதன் உருண்டை முதுகு மேலே இருக்கும். இதன் முதுகோ மண்ணுக்குள் கிடக்கிறது; தட்டையான அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. கடற்கரையிலிருந்து முந்நூறு தப்படி எண்ணி வந்திருக்கிறேன்.

"இது எப்படிக்கா இங்கே வந்தது?"

"நாங்க வரக்குள்ளயே கெடந்துச்சு தம்பி. தொவைக்கத் தோதா இருக்கேன்னுதான் இந்த எடத்தயே கேட்டு வாங்குனோம்."

பக்கவாட்டில் விரலை ஓட்டுகிறேன். வரிகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. வெகுகாலம் மழையில் கிடந்திருந்தால் மழுங்கியிருக்கும். அப்படியானால் இது இங்கே வந்து அதிக காலமாகவில்லை.

"என்ன தம்பி, மொகமே செத்துப்போச்சு?"

மறைக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் வாய் சொல்லிவிடுகிறது. "இத மனுசங்க யாரும் தூக்கிட்டு வரலக்கா. கடல்தான் பிடுங்கி, பொரட்டிக் கொண்டாந்து போட்டிருக்கு."

அவர் கல்லைப் பார்க்கிறார். பிறகு மரங்களுக்கு அப்பால் கடல் பக்கம் பார்க்கிறார்.

"அப்போ," என்கிறார் மெதுவாக, "அதுக்கு எங்க வீட்டுக்கு வழி தெரியும்."