நான் எழுதிய ‘இல்லை’

லுஸ்விமிண்டா என்று முழுப் பெயரையும் சொல்ல எங்கள் பன்றிக்கறித் தொழிற்சாலையில் யாருக்கும் பொறுமை கிடையாது. மிண்டா, அவ்வளவுதான். தொடைக்கறியிலிருந்து எலும்பை உருவும் வரிசையில் ஒன்பது வருஷம் என் இடப்பக்கம் நின்றவள். அந்த இரைச்சலில் பேச முடியாது. பேச்செல்லாம் வீட்டில்தான். கனடாவில், மானிடோபா மாகாணத்தின் இந்தச் சின்ன ஊரில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம், இரண்டு பேரும் பிலிப்பைன்ஸின் இலோய்லோக்காரிகள். கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக் கிழவர் படாரென்று ஜன்னலைச் சாத்துவார். மிண்டா வேண்டுமென்றே இன்னும் இரண்டு துண்டு எடுத்துப் போடுவாள்.

எங்கள் ஆட்கள் வீட்டில் எப்போதும் மூலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி திறந்து கிடக்கும், ஊருக்கு அனுப்ப. சோப்பு, டப்பாக்கறி, சாக்லேட் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு, நிறைந்ததும் கப்பலில் ஏற்றுவோம். மிண்டாவின் பெட்டிக்கு அடியில் எப்போதும் ஒரு ஜோடி ஷூ இருக்கும். அக்கா எடித்தாவின் மகள் ஜெரிலினுக்கு. அந்தப் பெண் காகிதத்தில் கால் வைத்து வரைந்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் அனுப்புவாள். கப்பல் போய்ச் சேர்வதற்குள் கால் வளர்ந்துவிடும் என்று மிண்டா ஒரு விரல் கூட்டி வாங்குவாள்.

ஜெரிலின் அக்கா மகள் இல்லை. மிண்டா பெற்ற பிள்ளை.

இருபது வயதில் வயிற்றில் வந்துவிட்டது. காரணமானவன் மணிலாவுக்கு வேலை தேடிப் போனவன் போனவன்தான். மிண்டாவின் அப்பா மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். எடித்தாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. வீட்டில் கூடிப் பேசினார்கள். மருத்துவச்சி எடித்தாவின் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. என் சித்தி ஒருத்தி உண்மையில் எனக்கு அக்கா. தெருவுக்கே தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மிண்டா வேலை அனுமதியில் வந்து, தொழிற்சாலையில் நிரந்தர வேலையும் ஆகி, இங்கேயே குடியேற மாகாண அரசின் சிபாரிசு கேட்டு மனுப் போடும் நாள் வந்தது. எனக்கு அதற்கு முந்தின வருஷமே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்திருந்தது. அதனால் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"கல்யாணம்?"

"எங்க ஆச்சுக்கா? நீங்க ஒருத்தனப் புடிச்சுக் குடுங்க."

"பிள்ளைங்க?"

மிண்டா கையிலிருந்த பூண்டை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஜெரிலின எழுதணுமா?"

"பைத்தியமாடி உனக்கு? பேப்பர்ல அவ எடித்தா பொண்ணு. நீ இங்க வேற மாதிரி எழுதினா, பொய்ப் பேப்பர்னு அங்க உன் அக்கா உள்ள போவா, இங்க உன் மனுவும் போவும்."

"அப்புறமா கூப்பிட்டுக்க முடியுமில்ல?"

"முதல்ல நீ காலூனு. அப்புறம் எல்லாம் பாத்துக்கலாம்."

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். அடியில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, மனுவை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. கோயில் கூடத்தில் சேமியா கிளறி முப்பது பேருக்குச் சாப்பாடு போட்டோம். மிண்டா ஆடினாள். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எடித்தா மார்பில் கட்டி வந்து செத்துப்போனாள். ஆறு மாதத்தில் புருஷன் வேறொருத்தியைக் கட்டத் தயாரானான். வருகிறவளுக்கு இரண்டு பிள்ளைகள். ‘உன் பிள்ளையை நீயே கூட்டிக்கோ’ என்று மிண்டாவுக்குச் செய்தி அனுப்பினான். அவள் ஒரு சொட்டு அழவில்லை. "இனிமே எதுக்குக்கா மறைக்கணும்?" என்று வக்கீலிடம் போனாள். ஜெரிலினை இங்கே கூப்பிட மனுப் போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். இங்கே இவள் எச்சில், அங்கே அவள் எச்சில் என்று மரபணுச் சோதனை எடுத்தார்கள். அம்மாவும் மகளும்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு வந்தது. ஜெரிலினுக்கு உண்மை தெரிந்தது அப்படித்தான், ஒரு மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து. மிண்டா எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தாள்.

மறுத்துவிட்டார்கள்.

வக்கீல் அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துச் சொன்னாள். "குடியேற மனுப் போட்டப்பவே இந்தப் பொண்ணு உங்களுக்கு இருந்திருக்கா. அப்ப சொல்லல. அதனால மகள்னு சொல்லி இனிமே இங்க கூப்பிட்டுக்க முடியாது."

"சோதனையில என் பொண்ணுன்னு வந்துச்சே?"

"அதனாலதான். வேற யாரு பிள்ளையாவோ இருந்தா இந்த விதி உங்களத் தொடாது."

மேல்முறையீடு, இரக்கத்தின் பேரில் மனு, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. எதுவும் நடக்கவில்லை. அன்று வக்கீலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் மிண்டா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ‘ரொட்டி வாங்கணும்’ என்று மட்டும் சொன்னாள்.

போன ஞாயிறு சாயங்காலம் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தோம். அங்கே திங்கள் காலை. ஜெரிலின் சீருடையோடு போனில் வந்தாள். அடுத்த பெட்டிக்கு ஷூ என்ன நிறம் வேண்டும் என்று மிண்டா கேட்டாள்.

"ஷூ வேணாம் சித்தி." உண்மை தெரிந்த பிறகும் அவளுக்கு வாயில் சித்திதான். "ஒண்ணு கேக்கணும். அப்பா அந்த மறுப்புக் கடிதத்தக் காட்டினாரு. நான் இல்லன்னு எழுதியிருக்காம். யாரு எழுதினது?"

நான் நாடாவைப் பிடித்தபடி போனுக்கு எதிரேதான் நின்றேன். மிண்டா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான்தான்மா எழுதினேன்" என்றாள்.

"உங்க கையாலயா?"

"என் கையாலதான்."

"சரி சித்தி. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

திரை அணைந்தது. ‘நான் எழுதினது, பாப்பா’ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, நேரமும் இருந்தது. சொல்லவில்லை. மிண்டா இன்னும் மூடாத பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்த ஷூவை வெளியே எடுத்து வைத்தாள். பிறகு, "அக்கா, அந்தப் பக்கம் இன்னொரு சுத்து ஒட்டுங்க" என்றாள். ஒட்டினேன்.