ஆப்சென்ட் போட்ட நாளில் எடுத்த போட்டோ

ஏரிச்சேறு காய ஆரம்பித்தால் கால் முடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுக்கும். அந்த எரிச்சலோடுதான் அன்றைக்குக் கரையேறினேன். இத்தனை வருஷமாகியும் எரிச்சல் மட்டும் போகவில்லை...

நேற்று பழைய கிளாஸ்மேட் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினான். "மச்சி, நீ இன்னும் காலேஜ் வெப்சைட்ல நிக்கிறடா!"

திறந்து பார்த்தேன். நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவைப் பக்கம். அதில் நான். இடுப்பளவு தண்ணீரில், தலையில் துண்டோடு, கையில் வலையோடு. கீழே "பழவேற்காடு மீனவருக்கு நம் மாணவர்களின் சேவை" என்று எழுதியிருக்கிறார்கள்.

அதாவது, அந்தப் படத்தில் நான் மாணவன் இல்லையாம்!

கதையைக் கேளுங்கள். சென்னையில் கத்தோலிக்க ஃபாதர்கள் நடத்தும் பல்கலைக்கழகம் அது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் நான். சும்மா குறை சொல்லக் கூடாது. ஹாஸ்டல், காலையில் சாப்பல் மணி, ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் கோழிக்குழம்பு, இங்கிலீஷ் வராதவனுக்குச் சாயங்காலம் தனி கிளாஸ், மனசு சரியில்லை என்றால் உட்கார வைத்துப் பேச ஒரு கவுன்சலிங் ரூம்... எல்லாம் இருந்தது.

கூடவே ஒரு ரூலும் இருந்தது. டிகிரி வேண்டுமென்றால் 'அவுட்ரீச்' முடிக்க வேண்டும். ஏதாவது கிராமத்துக்குப் போய்ச் சேவை செய்ய வேண்டும். அதற்கும் அட்டெண்டன்ஸ் உண்டு. ஒரு நாள் குறைந்தாலும் டிகிரி நின்றுபோகும்.

எங்கள் பேட்ச்சுக்கு எந்த ஊர் விழுந்தது தெரியுமா? எங்கள் ஊரேதான்.

பேட்ச் வரவேண்டிய தேதியில்தான் எங்கள் வீட்டுப் பாடும் வந்து விழுந்தது. ஏரியில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை போட முடியாது. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். நம் முறையன்று வீட்டுக்கு ஓர் ஆள் தண்ணீரில் நிற்க வேண்டும். ஆள் வராத வீட்டுக்குப் பங்கு கிடையாது. அடுத்த முறை வரும்வரை வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். நைனாவோ காலில் கெளுத்தி மீன் முள் குத்திச் சீழ் வைத்துப் படுத்திருந்தார்.

லீவ் ஃபார்மோடு அவுட்ரீச் சாரிடம் போனேன். அதில் காரணத்துக்கு மூன்றே கட்டங்கள். நோய், மரணம், விளையாட்டுப் போட்டி.

"பாடுன்னா என்னப்பா? வீட்ல ஃபங்ஷனா?"

"இல்ல சார், வலை போடுற மொறை சார். நான் போவலைன்னா எங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்ல சார்."

"உங்க ஊருக்குத்தானே வர்றோம்? மொதல்ல வந்து லைன்ல நில்லு. அப்புறம் போய் உன் வேலையப் பாரு."

ஏரி என்ன இவருடைய டைம்டேபிளுக்கா ஓடுகிறது? அதைக் கேட்காமல் "சரி சார்" என்று திரும்பி வந்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனாலும் பாடு அன்று விடியும்போதே தண்ணீரில் இறங்கிவிட்டேன். ஒன்பது மணிக்கு இரண்டு பஸ் வந்தது. எல்லோரும் நீல டி-ஷர்ட். கரையில் வரிசையாக நிறுத்திப் பெயர் வாசித்தார் சார். என் பெயர் வந்ததும் தண்ணீரிலிருந்தே கையைத் தூக்கி, "இருக்கேன் சார்!" என்று கத்தினேன். கிளாஸே சிரித்தது. போட்டோ கிளப் ஆட்கள் என்னைத்தான் மாற்றி மாற்றி எடுத்தார்கள்.

சார் ஆப்சென்ட் போட்டார்.

அடுத்த வாரம் அதே போட்டோ நோட்டீஸ் போர்டில்! சாரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். "சார், நான்தான் சார் இது. அன்னிக்கி அங்கதான இருந்தேன்?"

"அது உன் வேலைப்பா. சேவை இல்லையே."

மாணவர் நலம் பார்க்கும் ஃபாதரிடம் போனேன். நல்ல மனிதர். டீ கொடுத்தார், முழுசாகக் கேட்டார். கடைசியில், "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே தம்பி. ஜூனியர்ஸோட ஒரு நாள் போய் முடிச்சிடு" என்றார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆக, நானும் நீல டி-ஷர்ட் மாட்டி, கழுத்தில் ஐடி கார்டோடு, காலேஜ் பஸ்ஸில் என் ஊருக்கே போய் இறங்கினேன். எனக்குக் கொடுத்த வேலை, கை கழுவுவது எப்படி என்று பெண்களுக்குச் சொல்லித் தருவது. முன்வரிசையில் என் அம்மா. விடியற்காலையிலிருந்து ஐஸில் இறால் பிரித்து ஊறிப்போன விரல்கள்.

"இன்னாடா இது? கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தியா?" என்றார் அம்மா. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா உக்காரும்மா, சார் பாக்குறாரு."

அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. எழுந்து வந்து, நான் சொன்னபடியெல்லாம் கையைக் கழுவினார். பிறகு பயனாளிகள் கையெழுத்துத் தாளை நீட்டினேன்.

"இதுல போட்டா உன்னிய பாஸ் பண்ணுவாங்களா?"

"பண்ணுவாங்கம்மா."

ஈரக் கையால் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டார். டிகிரியும் வந்தது. கூடவே 'மீனவ மக்களுக்குத் தன்னலமற்ற சேவை' என்று ஒரு சர்டிபிகேட். நான் அதை ஃபிரேம் போடவில்லை.

இப்போது மீஞ்சூரில் வேலை பார்க்கிறேன். ஆபிஸ் ஆப்பில் லீவ் போடும்போது காரணம் என்ற இடத்தில் தைரியமாகப் 'பாடு' என்றே அடிக்கிறேன். அப்படின்னா என்ன என்று மேனேஜர் கேட்டால், உட்கார வைத்து விளக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அன்றைக்கு அந்த வாய் இருந்திருந்தால்...

இன்று காலையில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் தட்டிவிட்டேன். படத்தில் இருப்பவன் உங்கள் மாணவன், இது அவன் ரிஜிஸ்டர் நம்பர், பெயரைப் போடுங்கள், இல்லையென்றால் படத்தை எடுங்கள் என்று. பதில் வருமோ வராதோ.

அனுப்பிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்தார்.

"இத்தினி பெருசா நிக்கிற... அப்புறம் ஏண்டா இல்லன்னு எழுதுனாங்க?"