ஒரே பொம்மைக்கு இரண்டு விலை

க்ளெனிஸ் ட்ரெஸைஸுக்கு அறுபத்தொரு வயது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கடினா ஊரைச் சுற்றி வீடு வீடாகக் காரில் போய், முடியாதவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவள் வேலை. பாதி வழி சரளைக்கல் சாலை. ஜூலையில் மெக்கானிக் நாலு டயரையும் தடவிப் பார்த்தான்.

"இது டயர் இல்ல, வழுக்கைத் தலை. இன்னும் ஒரு மாசம் ஓட்டினா உன்னைத்தான் யாராவது குளிப்பாட்டணும்."

புது டயருக்கு அறுநூற்று நாற்பது டாலர். கையில் இல்லை. கார் ஓடாவிட்டால் வேலையும் இல்லை.

அந்த வாரம் கால்பந்து கிளப் கூடத்தில் வருடாந்தர முதலுதவிப் பயிற்சி. பராமரிப்பாளர்களும் வந்தாக வேண்டும், பல் டாக்டர்களும் வந்தாக வேண்டும். க்ளெனிஸுக்கு ஜோடி பல் டாக்டர் ஃபெர்கஸ் ஹரல். செவ்வாய்தோறும் அவருடைய அம்மாவைக் குளிப்பாட்டுவதே அவள்தான். இருவரும் ரப்பர் பொம்மையின் நெஞ்சை முறை வைத்து அமுக்கினார்கள்.

"மெதுவாப்பா ஃபெர்கஸ், கடவாப்பல்லா பிடுங்குற?"

"எண்பது டாலர் கட்டியிருக்கேன், நல்லா அமுக்கிக்கிறேன். வேலைச் செலவுன்னு வருமானத்துல கழிச்சா முப்பத்தேழு வரில திரும்பி வந்துடும்."

"எனக்கு எவ்வளவு வரும்?"

அவர் மனக்கணக்குப் போட்டார். முகம் கோணியது. "உங்க சம்பளத்துக்கு... பதினாலு."

"அதே பொம்மை, அதே எண்பது. உன்னைவிட நான் நல்லா வேற அமுக்குறேன்!"

"வரி விகிதம் கூடக்கூட கழிவால வர்ற மிச்சமும் கூடும், க்ளெனிஸ். சட்டம் அப்படி. ஆமா, காருக்குக் கழிச்சீங்களா?"

"காருக்கா? அதெல்லாம் கணக்கர் வெச்சிருக்கிற உன்ன மாதிரி ஆளுங்களுக்கு."

ஃபெர்கஸின் கை நின்றுவிட்டது.

"அமுக்குப்பா, செத்துடுவான்!"

"ஒரு வீட்டுலேருந்து அடுத்த வீட்டுக்கு ஓட்டுறதெல்லாம் கழிக்கலாம். காலைல உங்க வீட்டுலேருந்து கிளம்பிப் போறது மட்டும் சேராது. தூரம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுதாம? டைரில உங்கம்மாவுக்கு எத்தனை மணிக்கு வயிறு போச்சுன்னுகூட இருக்கு."

"அத வரி ஆபீசுக்கு அனுப்பிடாதீங்க!"

சனிக்கிழமை நூலகத்தில், இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வலர் டைரியை முழுக்கப் புரட்டினார். சட்டம் அனுமதிக்கும் ஐயாயிரம் கிலோமீட்டரையும் முழுசாக எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய எண்ணூறு டாலர் வரும் என்றார். இதே தூரத்துக்கு ஃபெர்கஸுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வரும் என்பதையும் க்ளெனிஸ் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நூலகம் என்றும் பாராமல் வாய்விட்டுத் திட்டினாள். ஆனாலும் கால் தரையில் பாவவில்லை.

திங்களன்று கூட வேலை செய்கிற ஐந்து பேரை உட்கார வைத்து, கறி அடைத்துச் சுட்ட பேஸ்டிகளைத் தட்டில் அடுக்கி, டைரிகளைப் பிரிக்கச் சொன்னாள். வாரம் இரண்டே நாள் வேலை பார்க்கும் டோரிக்கு மட்டும் எதுவும் தேறவில்லை. அவள் வருமானத்துக்கு வரியே கிடையாது.

"பெட்ரோல் மட்டும் எனக்கு ஓசியா கிடைக்குதாக்கும்?" என்றாள் டோரி. "இருக்கிறதுலயே பெரிய பேஸ்டியை எனக்குக் குடுங்கடி."

கொடுத்தார்கள். அன்றே, கார் ஓட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தரும் சொற்பப் படியை உயர்த்தக் கேட்டுத் தங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். முதல் கையெழுத்து டோரியுடையது.

பதினைந்தாம் நாள் பணம் வந்தது. டயர் மாட்டிய கையோடு க்ளெனிஸ் ஊருக்கு வெளியே ஓட்டினாள். சரளை வளைவில் கார் துளியும் வழுக்கவில்லை. தனியாகவே சத்தம் போட்டுச் சிரித்தாள். ஒன்பது மணிக்கு ஒரு கிழவர் குளிக்கக் காத்திருந்தார்.