டேப்புக்குள் இரண்டு விரல்

நான் தையல்காரி. ஆமத்தூரில் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளின் யூனிஃபார்ம் வருஷா வருஷம் என் கைக்குத்தான் வரும். அதனால்தான், குண்டுப் பிள்ளைகளின் இடுப்பை அளக்க வெளியூரிலிருந்து டாக்டரம்மா ஒருவர் பள்ளிக்கு வந்தபோது, கூச்சத்தில் நெளிந்த பிள்ளைகளை அளந்து கொடுக்க என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அளக்க வேண்டியவர்களில் என் மகளும் ஒருத்தி. ஆறாம் வகுப்பு.

டாக்டர் சொன்னது எனக்குப் பிடிபடவே இல்லை. வெளியே தெரிகிற சதை பெரிய விஷயமில்லையாம். வயிற்றுக்குள்ளே ஈரலையும் குடலையும் சுற்றி ஒரு கொழுப்பு ஒளிந்திருக்குமாம், அதுதான் பொல்லாததாம். ஸ்கேனில்தான் அது தெரியும். எல்லாரையும் மதுரைக்குக் கூட்டிப்போக முடியாது என்பதால் டேப்பை வைத்து உத்தேசமாகக் கண்டுபிடிக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் சந்தேகம். கண்ணுக்கே தெரியாததை வெளியே கிடக்கிற டேப் எப்படிப் பார்க்கும்? கேட்க வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு அளந்தேன்.

என் மகள் பாதியைத் தாண்டிவிட்டாள். மதுரைக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்ட டாக்டர், பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்போம் என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் தெருவில் அவளைப் பார்த்து "முதலாளி வீட்டுப் பிள்ள கணக்கா இருக்கா" என்று சொல்லாதவர் இல்லை. அதைக் கேட்டுப் பூரித்துப்போனவள் நான். என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் விருதுநகர் போய் எண்ணெய் பரோட்டா வாங்காமல் வீடு திரும்ப மாட்டார். "பிள்ள நல்லாத்தான இருக்கா? அந்த டாக்டருக்கு வேற சோலி இல்லையா?" என்றார். வந்த கோபத்தில் அன்றோடு பரோட்டாவை நிறுத்தினேன். காராச்சேவு டப்பாவைப் பரணில் ஏற்றினேன். தினமும் காலையில் மகளை நிற்கவைத்து அளந்தேன்.

அளவு குறைந்தது. ஒரு நாள் கால் இஞ்சு, ஒரு நாள் அரை இஞ்சு. குறைந்த அன்று அவளைக் கட்டிக்கொள்வேன். குறையாத அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் பாவாடைக் கொக்கி மட்டும் முன்பு போலவே இழுத்துப் பிடித்துத்தான் மாட்டியது. டேப் ஒன்று சொன்னது, கொக்கி வேறொன்று சொன்னது. இத்தனை வருஷம் தைத்தவளுக்கு இது புரிய வேண்டாமா? புரியவில்லை.

அடுத்த முறை டாக்டரே அளந்தார். பாதிக்கு நன்றாகக் கீழே இருந்தது.

"பத்து நாள்ல இவ்வளவு குறையாதே. அன்னைக்கு நீங்க எப்படி அளந்தீங்க, காட்டுங்க."

காட்டினேன்.

"டேப்புக்குள்ள ரெண்டு விரல் எதுக்கு?"

"வளர்ற பிள்ளையில்ல மேடம்? லூஸ் விட்டுத்தான அளப்போம்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று நான் அளந்த அத்தனை பிள்ளைகளின் இடுப்பிலும் என் இரண்டு விரல் சேர்ந்திருக்கிறது. எனக்கோ வெட்கத்தையும் மீறிச் சந்தோஷம். மகளுக்கு ஒன்றுமில்லை! டாக்டர் அவள் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கி, தோள்பட்டையை உயர்த்திக்கொண்டு நின்றாள். டேப் குறைந்தும் கொக்கி ஏன் தளரவில்லை என்பது அந்த நொடியில் விளங்கியது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

"மேடம், இவ மூச்சப் பிடிச்சிட்டு நிக்கா."

"மூச்சை விடும்மா" என்றார் டாக்டர். அவள் விடவில்லை.

"விட்ருத்தா" என்றேன் நான். வயிறு இன்னும் உள்ளே போனது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

வெளியே போய் நின்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு மூச்சு கேட்டது. பத்து நாளாக என் டேப்பின் முன்னால் அவள் விடாத மூச்சு. எனக்கு அழுகை வந்தது.

பிறகு கூப்பிட்டார்கள். பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம், மதுரைக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நான் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.