விரல் படித்த வழியும் கால் போன வழியும்

1. கண்ணைக் கட்டினார்கள்

எண்பதுகளில் பூந்தமல்லிப் பக்கம் பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் ஒன்றில் நடைப் பயிற்சி டீச்சராகச் சேர்ந்தேன். முதல் நாளே என் கண்ணைக் கட்டி, மடியில் ஒரு பிளைவுட் பலகையை வைத்தார்கள். கயிறு ஒட்டியிருந்தால் பாதை, தீப்பெட்டி என்றால் கட்டடம், உப்புத்தாள் என்றால் தார் ரோடு. ஒற்றை விரலால் அங்கும் இங்கும் தடவினேன். இரண்டு தீப்பெட்டி தட்டுப்பட்டதுமே மனதில் ஒரு தெருவைக் கட்டிவிட்டேன். பிறகு விரலில் பட்டதையெல்லாம் அதற்குள் திணித்தேன். அது எங்கள் மையத்தின் வரைபடம். நான் கழிவறையைக் கோயில் என்றேன்.

பக்கத்தில் பிரம்பு நாற்காலி பின்னிக்கொண்டிருந்த கன்னியப்பன் சிரித்தான். மையத்திலேயே வேலை பார்ப்பவன், திருவேற்காட்டுக்காரன், பிறவியிலேயே பார்வை இல்லாதவன், வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை.

"இன்னா டீச்சர், பலகைல ஒரு கைய வாசல்ல வெச்சுக்க. அது அங்கியே இருக்கட்டும். இன்னொரு கை போயி போயி வாசலுக்கே வரணும். கண்ணு கீறவங்க ஒரு தபா தொட்டுட்டு மீதிய ரீல் உட்றீங்க."

எரிச்சலாக வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அப்படித்தான் தடவிப் பழகினேன்.

2. சங்கு

தொண்ணூறுகளில் செல்வராஜ் வந்தார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் லேத் ஓட்டியவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். விபத்தில் இரண்டு கண்ணும் போயின. கேட்டிலிருந்து பேக்கிங் செக்‌ஷன் வரை தனியாக நடந்து காட்டினால் அங்கே வேலை. முடியாவிட்டால் மெடிக்கல் அன்ஃபிட் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும், மனைவி மக்களோடு தெருவில் நிற்க வேண்டும்.

தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துவந்து அவருக்கென்று பலகை செய்தேன். டூல் ரூமுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் கேபிள் போடப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பலகையில் அந்த இடத்தை ரம்பத்தால் ஆழமாகக் கீறினேன்.

செல்வராஜின் விரல் அங்கே நின்றது. "இது நம்ம குறுக்குப் பாதைல்லா? சங்கு ஊதுனா எல்லாரும் இது வழியாத்தான கேன்டீனுக்கு ஓடுவோம்."

"இப்ப பள்ளம். ஸ்டோரைச் சுத்தித்தான் பேக்கிங்குக்குப் போகணும்," என்றேன்.

"அதான் வெரல்ல தட்டுதே டீச்சர்."

கன்னியப்பன் அவர் கைமேல் தன் கையை வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தான். "அண்ணாத்தே, கேட்டாண்ட வெச்ச கை அங்க நிக்கவே மாட்டேங்குது. நீ பலகையத் தடவல, பழசப் பாத்துகினு கீறே."

"ஏல, நான் பொழங்குன எடம். எனக்குத் தெரியாதா?"

ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். ஒரு தடுமாற்றம் இல்லாமல் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது.

டெஸ்ட் அன்று டாக்டரும் வெல்ஃபேர் ஆபீசரும் நின்றிருந்தார்கள். பாதி தூரம் வந்திருப்பார், சாப்பாட்டுச் சங்கு ஊதியது. ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். குறுக்குப் பாதையில்தான் ஓடினார்கள், பள்ளத்தைத் தாண்டிக் குதித்து. செல்வராஜின் கால் அந்தச் சத்தத்தோடு திரும்பியது. கத்தினேன். சங்குச் சத்தத்தில் எங்கே கேட்கும்? பள்ளத்தைச் சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டாமல் விட்டிருந்தார்கள். பாவிகள். உள்ளே விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வெரலுக்குத் தெரிஞ்சுது டீச்சர். காலுக்குத் தெரியாமப் போச்சே." எனக்கும் தாங்கவில்லை.

3. இனி வருகிறவர்களுக்கு

இடையில் பார்வை இழந்தவரிடம் புதுப் பலகையை நீட்டாதீர்கள். முதலில் அவர் நினைவில் இருக்கும் இடத்தை அவர் கையாலேயே ஒட்டச் சொல்லுங்கள். மாறிப்போனதை அவரே பிய்க்கட்டும். பிய்க்கும்போது அழுவார், அழட்டும். வேலை நாளில், சங்கு ஊதும் நேரத்தில் ஒத்திகைக்கு விடுங்கள் என்று சண்டை போடுங்கள்.

செல்வராஜ் விழுந்த மாதமே கேபிளைப் போட்டுப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். எலும்பு கூடி அவர் நடக்க ஆரம்பித்ததும், இன்னொரு டெஸ்ட் கேட்டு வெல்ஃபேர் ஆபீசரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"வழி சரியாயிடுச்சும்மா," என்றார். "ஆனா அன்ஃபிட்னு ஆர்டர் போட்டாச்சே."